பின்பக்க இடது சக்கரம்

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் தையல்காரி அன்றைக்குத்தான் புருஷனுடைய லாரியில் ஏறியிருந்தாள். மகன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். அவள் தையல் கடை இருந்த கட்டடத்துக்கு ஒரு வாரம் வெள்ளையடிப்பு. "வீட்ல உட்கார்ந்து சுவரையா பார்க்கப் போற? என்கூட வாயேன்" என்று டிரைவர் வாய் மூடுவதற்குள் அவள் பையில் துணி அடுக்கிவிட்டாள்.

மறுநாள் காலை, மலை இறக்கத்துக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரங்கட்டினார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, அவளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, பிரேக்கைச் சோதிக்க ஸ்பேனரோடு வண்டிக்கடியில் நுழைந்தார்.

"நான் மிதின்னா பிரேக்கை மிதி, விடுன்னா விடு. வேற எதையும் தொட்டுடாதே."

"ஏங்க, இத்தனை வருஷமா யாரு மிதிச்சா?"

"அதோ, சீட்டுக்குக் கீழ ஒரு குச்சி கிடக்கு பாரு. அதைத்தான் முட்டுக் கொடுப்பேன். என்ன, அது உன்னை மாதிரி கேள்வி கேட்காது."

சிரித்துவிட்டாள். ஆனால் தேய்ந்து வழவழத்துப் போன அந்தக் குச்சியைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ போலிருந்தது. ஆளில்லாத ரோட்டில், ஒரு குச்சியை நம்பியா இந்த மனுஷன் அடியில் படுத்துக் கிடந்தார்?

ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தவரின் கையில் நீலச் சாக்பீஸ்.

"அட, என் துணி வெட்டற சாக்பீஸ்! எலி தூக்கிட்டுப் போகுதுன்னு பொறியே வச்சேனே!"

"மிதிக்கும்போது பிரேக் கம்பி எவ்வளவு வெளியே வருதுன்னு கோடு போட்டுப் பார்க்கணும். இதுலதான் கோடு மெல்லிசா விழுது" என்று அசடு வழிந்தார். "மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. பின்னாடி இடது மட்டும் லூஸ். கிளம்பறதுக்கு முன்னாடிதான் டைட் பண்ணேன். போன வாரமும் இதேதான்."

"டைட் பண்ணது ஏன் திரும்பத் திரும்ப லூஸாகுது?"

"எல்லா டிரைவரும் பண்றதுதாம்மா. திருகினா சரியாயிடும்."

"என் மெஷின்ல நூல் அப்படி லூஸானா, நான் திருகிட்டே இருக்க மாட்டேன். கழட்டிப் பார்ப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க போலாம்னா போலாம். நான் பக்கத்துலதானே உட்காரப் போறேன்."

டிரைவர் அவளைப் பார்த்தார். எதிரே கீழே இறங்கும் ரோட்டைப் பார்த்தார். இதே சக்கரத்தோடு போன வாரம் விசிலடித்துக்கொண்டு இறங்கியவர்தான். இப்போது ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

மெக்கானிக் வர இரண்டு மணி நேரம் ஆனது. லாரி நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே, ஒரு தடவை இறக்கத்தில் பிரேக் புகைந்ததை அவளிடம் சொன்னார்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தூங்குவியா?"

அவள் அவர் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள்.

மெக்கானிக் அந்தச் சக்கரத்தின் பிரேக்கை இறுக்கி வைக்கும் அட்ஜஸ்டரைக் கழற்றிக் காட்டினான். உள்ளே பல் தேய்ந்து மழுங்கிக் கிடந்தது. "அண்ணே, இது தானா டைட் ஆகற வகை. ஆகலைன்னா உள்ள கோளாறுன்னு அர்த்தம். கையால திருகினா கோளாறை மூடி மறைக்கிறீங்க, அவ்வளவுதான். அக்கா கேட்டதாலதான் பிழைச்சீங்க."

புதிதை மாட்டியதும் கிளம்பினார்கள். ஒவ்வொரு வளைவிலும் அவள் தன் காலால் தரையை அழுத்தி மிதித்தாள்.

"அங்க பிரேக் இல்லம்மா."

"தெரியும். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

சரக்கு நாலு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கிடங்குக்காரர் வண்டியருகே வந்து காட்டுக்கத்தலாகக் கத்தினார். டிரைவர் வண்டியை ஏறிட்டுப் பார்த்தார். ஜன்னலில் தலை சாய்த்து அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"திட்டறதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வந்து திட்டுங்க, சார்" என்று மெல்லச் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு லாரிக்குப் பின்னால் போனார்.