மூன்று வழியனுப்பு விழாக்கள்

“‘ஐரோப்பா புகழ்’னு போட்டுடலாம் தம்பி, எடுப்பா இருக்கும்” என்று, அச்சகத்துக்குப் போகவேண்டிய கண்ணீர் அஞ்சலித் தாளை அங்கமுத்துவின் மூக்குக்கு நேராக நீட்டினார் சாமிதுரை.

பந்தலுக்குக் கீழே பெஞ்சில் அப்பா கிடந்தார். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. முந்தின நாள் சாயங்காலம் உரக்கடையில் யூரியா மூட்டைக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான்.

“அப்பா எங்கங்க ஐரோப்பா போனாரு?”

“போகலேன்னா என்ன? மூணு தடவ வழியனுப்பியிருக்கோமே!”

அரியலூர் நற்பணி மன்றத்தின் நிரந்தரத் தலைவர் சொல்கிறார். மறுக்க முடியாது. அங்கமுத்து தாளைத் திருப்பிக் கொடுத்தான். அது அச்சுக்குப் போயிற்று.

சொந்த அம்பாசடரைப் பம்பாயில் கப்பலேற்றி, இத்தாலியில் இறக்கி, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ் என்று ஐந்து நாடுகளையும் தரை வழியாகவே பார்த்துவிட்டு வருவது என்று உரக்கடை வைரக்கண்ணு அறிவித்தது 1971இல். அறிவித்த வாரமே முதல் விழா. ஆளுயர மாலை, பொன்னாடை, வாழ்த்துப்பா. தூதரகங்களுக்கு எழுதிப் போட்டு இலவசமாக வரவழைத்த வரைபடங்கள் தபாலில் வந்து சேர்ந்ததற்கு இரண்டாவது விழா. அதில் ஒருவர், அரியலூர் ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் வேண்டுமென்ற கோரிக்கையை ரோமாபுரியிலும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அப்பாவும் ஆவன செய்வதாக ஏற்புரையில் சொன்னார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டதற்கு மூன்றாவது. மூன்றிலும் அங்கமுத்து கடைசி வரிசையில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த விண்ணப்பத்தின் பேரில்தான், இரண்டு வருஷத்துக்கு முன்னால், விசாரிக்க ஓர் ஏட்டு வீட்டுக்கு வந்தார். அப்பா திருச்சிக்குப் போயிருந்தார். அங்கமுத்து மோர் கொடுத்தான்.

“நெசமாவே போறாருங்களா?” என்றார் ஏட்டு.

“சும்மா பேச்சுக்குங்க. ரத்தக்கொதிப்பு வேற, இப்ப மறதியும் சேர்ந்துக்கிச்சு. அங்க எங்கயாவது வண்டிய விட்டுட்டு முழிச்சார்னா யாருங்க பொறுப்பு?”

மறதி என்றது அங்கமுத்துவின் சொந்தக் கற்பனை. பத்து வருஷத்துக்கு முந்தி வாங்கிப்போன மூட்டைக்கு ஆள்பெயர் சொல்லும் மனுஷர் அப்பா. ஏட்டு எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்தில் பாஸ்போர்ட் இல்லை என்று பதில் வந்தது. அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “சுவிட்சர்லாந்துல இந்த வருஷம் பனி ஜாஸ்தியாம்” என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்த அங்கமுத்துவுக்கு, தன் பேச்சிலேயே மாட்டிக்கொண்ட ஆளுக்குக் கௌரவமாக ஒரு வழி விட்டுக்கொடுத்த நிம்மதிதான் இருந்தது. நேற்றுவரைக்கும் இருந்தது.

இப்போது பெஞ்சைப் பார்க்கப் பார்க்க ஒரே கேள்வி குடைந்தது. மனுஷர் ஜம்பத்துக்குச் சொன்னாரா, நிஜமாகவே கிளம்புவதாக இருந்தாரா? ஜம்பமென்றால் பிள்ளை செய்தது உபகாரம். நிஜமென்றால் அதற்கு என்ன பெயர்?

உள்ளே போய் மேசையைத் திறந்து பயண நோட்டைப் புரட்டினான். ஒவ்வொரு நாட்டுக்கும் தூரம், பெட்ரோல், தங்கல், உப்புமாவுக்கு ரவை. எந்த நாடாக இருந்தாலும் தினம் ரயில்வே கேட்டுக்கென்று அரை மணி தள்ளியிருந்தார். கேட்டில் நிற்காமல் ஒரு தேசத்தைக் கடந்துவிட முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஜம்பம் அடிக்கிறவன் கேட்டுக்கு அரை மணி எழுதுவானா? ஆனால் இதே பக்கத்தை மூன்றாவது விழாவில் மைக்கில் வாசித்துக் கைதட்டலும் வாங்கியிருக்கிறார். நோட்டை நம்புவதற்கில்லை.

அம்மா பூங்காவனம், அழுது ஓய்ந்து சுவரோடு சாய்ந்திருந்தாள். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

“ஏம்மா, அப்பா நெசமாவே போறதா இருந்தாரா?”

“எனக்கென்னடா தெரியும்? என்னைய சீரங்கம் கூட்டிட்டுப் போறேன்னுந்தான் சொன்னாரு. பதினெட்டு வருசமாச்சு.”

சொல்லிவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தாள்.

சாயங்காலம் சுடுகாட்டில், கொள்ளி வைத்த கையோடு இரங்கல் கூட்டம். சாமிதுரை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எரிகிற சிதைக்கு மேல் கேட்கும்படி பேசினார்.

“மூன்று முறை அண்ணனை வழியனுப்பினோம். இன்று நடப்பது நான்காவது வழியனுப்பு விழா!”

பழக்கதோஷத்தில் பின்னாலிருந்து யாரோ ஒருவர் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். மகன் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்றார்கள். அங்கமுத்து எழுந்து நின்றான். வாயைத் திறந்தான். “வந்தவங்களுக்கெல்லாம் நன்றிங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் பால் தெளித்து, எலும்பு பொறுக்கிக் கலயத்தில் போட்டு, மஞ்சள் துணியால் வாயைக் கட்டினார்கள். திருமானூர் போய்க் கொள்ளிடத்தில் கரைத்துவிட்டு வரவேண்டும். டிரைவர் செல்லக்கண்ணு அம்பாசடரை எடுத்தார். அங்கமுத்து கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தான்.

கீழப்பழுவூர் தாண்டினதும் எதிரே ஒரு மாட்டுவண்டி. செல்லக்கண்ணு ஹாரன் அடித்தார். தன் பக்கத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த வண்டிக்காரர், சத்தம் கேட்டதும் மாட்டை வெடுக்கென்று இழுத்து நேரே காருக்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்தினார். செல்லக்கண்ணு ஒடித்துச் சுற்றிக்கொண்டு போனார். கொஞ்ச தூரத்தில் ஓர் அம்மாள் ஆடு ஓட்டிக்கொண்டு போனாள். ஹாரன் கேட்டதுதான் தாமதம், வலது ஓரமாகப் போன ஆடுகளையெல்லாம் அவசர அவசரமாக இடது பக்கம் விரட்டினாள். அத்தனையும் காருக்கு முன்னால் வந்து அடைத்துக்கொண்டு நின்றன.

“என்னண்ணே, இந்த ஊர்ல எல்லாரும் வண்டிக்கு நேரா வந்து வுழுவுறாங்க?”

செல்லக்கண்ணு இன்ஜினை நிறுத்தினார்.

“யாருட்டயும் சொல்லாதேன்னாரு தம்பி, ஐயா.”

“எத?”

“அந்த தேசத்துலல்லாம் ரோட்டுல வலப்பக்கமாத்தான் ஓட்டணுமாம். பழகிக்க வேணாமான்னு, வாரத்துல மூணு நாள், கருக்கல்ல, பழுவூர்லேருந்து ஆத்தங்கர வரைக்கும் அவரே ஓட்டுவாரு. நான் முன்னால சைக்கிள்ல செவப்புத் துண்ட காட்டிக்கிட்டுப் போவேன். இப்பல்லாம் துண்டே வேணாம். இந்த ஹாரன் கேட்டாலே சனம் தானா இந்தாண்ட ஒதுங்கிக்கிது.”

அங்கமுத்து கலயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“எப்ப வரைக்கும்?”

“போன வியாழக்கெழம வரைக்கும்.”

“பாஸ்போர்ட் இல்லேன்னு வந்த பொறவுமா?”

“வந்த மறுநாளே ஓட்டுனாரு. நாங்கூட, இனிமே எதுக்குங்கய்யான்னேன். ‘மறுபடி எழுதிப் போட்டிருக்கேன்டா, அதுக்குள்ள கை மறந்துடக் கூடாது’ன்னாரு.”

ஆட்டுக்காரி சன்னலோரம் வந்து குனிந்தாள்.

“என்ன செல்லக்கண்ணு, பெரியவரு வரலியா?”

கேட்கும்போதே மஞ்சள் துணி கண்ணில் பட்டுவிட்டது. கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள்.

“எப்பிடிம்மா ஓட்டுவாரு?” என்றான் அங்கமுத்து.

“மொதல்லாம் பயந்து பயந்து ஓட்டுவாரு சாமி. ரெண்டு தடவ இந்தா இந்த வாய்க்கால்ல எறக்குனாரு, நாங்கதான் தூக்கி வுட்டோம். இப்ப ஒரு வருசமா நல்லாப் பழகிட்டாரு.”

அவள் போய் விரட்டிப் பார்த்தாள். இடது ஓரத்துப் புல் நன்றாக இருந்ததோ என்னவோ, ஆடுகள் அசையவில்லை. செல்லக்கண்ணு இன்ஜினைக் கிளப்பிக் காத்திருந்தார்.

“அந்தப் பக்கமாவே போங்கண்ணே.”

கார் வலப்பக்கம் ஏறியது. அங்கே தார் அரித்துப்போய் ரோடு மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. கலயம் குலுங்காமல் இருக்க, அங்கமுத்து அதன் வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டான்.