வெறுங்கை போதும்

'யார் வேண்டுமானாலும் வெறுங்கையால் பழுது பார்த்துக்கொள்ளலாம்' என்று தம்பானூர் லேப்டாப் கம்பெனி அலுவலகத்தின் கண்ணாடியில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். அந்த 'யார்' யார் என்று எட்டு மாதம் கூட்டம் போட்டு யோசித்து, கடைசியில் மேல்மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருந்த தங்கபாண்டியைக் கீழே கூட்டிவந்தார்கள்.

சோதனை இதுதான்: பத்து நிமிடத்தில் புது லேப்டாப்பின் பேட்டரியை மாற்றினால் அந்த லேப்டாப் அவருக்கே. மகள் கலைச்செல்வி டிப்ளமோ பாடம் முழுவதையும் கீறல் விழுந்த போனில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். தங்கபாண்டி மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

மூடி சட்டென்று வந்துவிட்டது. பேட்டரியைப் பிடித்திருந்த கொண்டிதான் வரவில்லை. அரிசி மணி அளவுதான் இருக்கும். இருபது வருடம் கம்பி முறுக்கிய விரலுக்கு அது தட்டுப்படவே இல்லை.

"தம்பி, இதக் கொஞ்சம் பெருசா வச்சா என்ன?"

"பெருசாக்கினா அழகு போயிடும் அண்ணா," என்றான் அதை வடிவமைத்த மலையாளிப் பையன் சுமந்த். "உங்க விரல் ஸ்டாண்டர்டு சைஸ் இல்ல, கேட்டோ."

ஐம்பது வயதுவரை தெரியாமலிருந்த இந்த ஊனத்தைத் தங்கபாண்டி அன்றுதான் அறிந்துகொண்டார். இடுப்பில் செருகியிருந்த கட்டுக்கம்பியில் ஒரு துண்டு முறித்து, கொக்கியாக வளைத்து, கொண்டியை நெம்பினார். பழையது வந்தது, புதியது உட்கார்ந்தது. ஆறே நிமிடம்.

"ஃபெயில்," என்று எழுதினான் சுமந்த். "வெறுங்கைன்னு சொன்னோமல்லே அண்ணா."

கம்பெனியில் பணம் போட வந்து மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த கரமனை அனந்தபத்மநாபன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சரி, வெறுங்கையால நீ மாத்திக் காட்டேன், பாப்போம்."

ஆய்வறையில் சுமந்த் எப்போதும் ஊசி இடுக்கியால்தான் கழற்றுவான். அது வெறுங்கையில் சேர்த்தி போலும். இப்போது ஸ்டாண்டர்டு விரல்கள் பத்தும் முறை வைத்து முயன்றன. ஒரு நகம் உடைந்தது. கால்மணி நேரம் போயிற்று. அவன் பார்வை மெல்லத் தங்கபாண்டியின் கொக்கிமேல் விழுந்தது.

"அண்ணா, அதக் கொஞ்சம் தருமோ?"

"இது ஃபெயிலான கொக்கியில்லா, தம்பி." தங்கபாண்டி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "லேப்டாப்பக் குடுங்க. கொக்கியத் தாரேன்."

"குடுத்துடுடா," என்றார் அனந்தபத்மநாபன்.

தங்கபாண்டி கொக்கியை மேசையில் வைத்துவிட்டு, லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

மறுமாதம் விற்பனைக்கு வந்த ஒவ்வொரு பெட்டியிலும் வெல்வெட்டில் பொதிந்த ஒரு கம்பிக் கொக்கி இருந்தது. கொண்டி அதே அரிசி மணிதான். கண்ணாடியில் 'வெறுங்கையால்' என்ற எழுத்தை மட்டும் இன்னும் பெரிதாக்கியிருந்தார்கள்.