சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

அன்று காலை அந்தச் சலவை நிலையத்தில் இருந்தவர்கள் நான்கே பேர். ஒன்றாம் கொதிகலனைக் கவனிக்கும் அண்ணன், சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டாம் கொதிகலனைக் கவனிக்கும் அவருடைய தங்கை கணவர், நடுவே சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரங்களுக்குப் பொறுப்பான தங்கை, அப்புறம் மேலாளர். ஐந்தாவதாக ஒருவர் இல்லை.

இரண்டு கொதிகலன்களின் நீராவியும் ஒரே குழாயில் சேர்ந்துதான் இஸ்திரிக்குப் போகும். அழுத்தம் ஏழில் நிற்க வேண்டும். பத்து நாளாக அழுத்தமானியின் முள் பேயாட்டம் ஆடியது. இறங்கினால் இருவருமே தீயைக் கூட்டினார்கள், ஏறினால் இருவருமே குறைத்தார்கள்.

"இன்னிக்கு முழுக்க இப்படியே ஆடிச்சுன்னா உங்கள்ல ஒருத்தர வேற கிளைக்கு மாத்திடுவேன்," என்று சொல்லிவிட்டு மேலாளர் போனார்.

பதினெட்டு வருஷமாக அந்த அறைகள் இந்தக் குடும்பத்தின் கையில். ஆனாலும் இரண்டு அறைகளையும் இணைக்கும் இண்டர்காமை அண்ணன் தொடவில்லை. பத்து நாளுக்கு முன் தங்கை மகளின் பள்ளி விழாவில் தாய்மாமனுக்கு முன்வரிசையில் இடம் பிடித்து வைக்காத மனுஷனோடு என்ன பேச்சு?

முள் ஆறுக்கு இறங்கியது. தங்கையைக் கூப்பிட்டார். "தீயைக் கூட்டச் சொல்லு." சொல்லிவிட்டுத் தானும் கூட்டினார். அவள் சுற்றிக்கொண்டு போய்ச் சொல்வதற்குள் முள் எட்டு. சொன்னதும் அந்தப் பக்கமும் தீ கூடியது. பாதுகாப்பு வால்வு அலறியது.

தங்கை திரும்பி வந்து அழுக்குத் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, நீ சொன்னப்போ ஆறு. நான் போய்ச் சேர்ந்தப்போ எட்டு. ஆறிப்போன சேதிய நான் சுமக்கிறேன், அவரும் உன் வார்த்தைய தட்டாம செய்யறாரு. இனி என் கால் நகராது."

"அப்போ அந்த ஆளு..."

"அந்த ஆளு என் புருஷன். உனக்கு இடம் பிடிக்க மறந்தேனேன்னு நாலு நாள் சரியா சாப்பிடல."

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு இண்டர்காமை எடுத்தார்.

"நான்தான்."

"தெரியுது மச்சான். செருமலே சொல்லுது."

"வால்வு நீராவிய வெளிய விட்டுடுச்சு, முள்ளு இறங்குது. நான் கொஞ்சம் கூட்டறேன். நீங்க கை வைக்காதீங்க, மாப்பிள்ளை."

"சரி. ஏழைத் தாண்டினா நான் குறைக்கிறேன். நீங்க அசையாதீங்க."

முள் ஏழுக்கு வந்து, லேசாக நடுங்கி, நின்றது. இருவரும் இண்டர்காமை வைக்கவில்லை.

"சாயங்காலம் வீட்டுக்கு வாங்க மச்சான். முன்வரிசை உங்களுக்குத்தான்."

"உங்க வீட்டுல இருக்கிறதே ஒரு சோபா."

"அதனாலதான் தைரியமா சொல்றேன்."

வெளியிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்து புதுக் கருவி பொருத்தியதால்தான் முள் அடங்கியது என்று சலவைக்கூடத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. எஞ்சினியர் யாரும் வரவில்லை. கருவி எதையும் பொருத்தவில்லை.