பூங்கொத்தி இல்லை என்று எழுதிய மூன்று வருடங்கள்

இருபத்தாறு வருடங்களாக அவர் எண்ணினார், அவள் எழுதினாள்.

கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்ப்பவர் அவர். வாரத்தில் ஆறு நாள் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு கடுகளவு சக்கரங்களோடு மல்லுக்கட்டுவார். ஏழாம் நாள் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு மனைவியோடு கிளம்பிவிடுவார். வருடத்துக்கு ஒருமுறை வரும் பறவைக் கணக்கெடுப்புதான் அவருக்குப் பெரிய நாள். வாடகை வேன் ஏறி, கடலோரத்து அலையாத்திக் காட்டில் தொடங்கி, உப்பளம், ஏரி, புல்வெளி என்று வந்து, மலையடிவாரத்து ஈரக்காட்டில் முடிப்பார்கள். ஒரே காலையில் ஐந்து உலகம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு சிறகு, வேறு வேறு குரல். இத்தனையையும் படைத்தவனுக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும் என்று அவள் ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொள்வாள்.

நினைத்துக்கொள்வாள், அவ்வளவுதான். சொல்லமாட்டாள். எழுதுகிறவர் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். முதல் வருடம் அவள் ஆசையாக, "ஏங்க, அதோ மீன்கொத்தி!" என்று கைநீட்டப்போய், அவர் ஏற்கெனவே எண்ணியிருந்த மீன்கொத்தி தாளில் இரண்டாகிவிட்டது. பறவைக் குழுவில் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அவரே போய்த் தப்பு நடந்துவிட்டது என்று சொல்லித் திருத்திவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் சொல்வதை எழுதுவதோடு அவள் வேலை முடிந்தது.

இன்னொரு சட்டமும் உண்டு. நிற்கும் இடத்திலிருந்து ஐம்பது அடிக்குள் கண்டதும் கேட்டதும் மட்டுமே கணக்கு. அதற்கு ஒரு அடி தள்ளி மயிலே வந்து ஆடினாலும் அவர் எண்ணமாட்டார். குழுவில் அவரை 'ஐம்பதடியார்' என்று கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்களும் அவர் எழுதிக் கொடுத்த தாளை மறுபடி சரிபார்க்கமாட்டார்கள். அவ்வளவு நம்பிக்கை.

ஈரக்காட்டில் ஒரு பூங்கொத்தி இருந்தது. கட்டை விரல் நீளம்தான். உயரத்தில், அடர்ந்த இலைக்குள்ளேயே இருக்கும். கண்ணால் காண்பது அபூர்வம். ஊசியால் கண்ணாடியைத் தட்டினாற்போல 'ட்சிக், ட்சிக்' என்று ஒரு மெல்லிய குரல், அதை வைத்துத்தான் எண்ணவேண்டும். அந்த வட்டாரத்தில் அது மிஞ்சியிருந்தது அங்கே மட்டும்தான். அது இருக்கும்வரை அந்தக் காட்டில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அரசாணையே இருந்தது.

மூன்று வருடங்களாக அவர் அங்கே நின்று, காது கொடுத்துக் கேட்டு, கடைசியில் தலையை ஆட்டி, "பூங்கொத்தி, இல்லை" என்றார். மூன்று முறையும் அவள் தாளில் பூஜ்யமாக ஒரு சுழி போட்டாள். மூன்றாம் முறை வேனில் திரும்பும்போது, "நம்ம கண்ணு முன்னாடியே ஒரு உசிரு இல்லாமப் போயிடுச்சும்மா. வழியனுப்பக்கூட முடியல" என்று சொல்லித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் ஆறுதலாக அவர் முதுகைத் தடவினாள். பூங்கொத்தி அன்றும் கத்தியது அவளுக்குக் கேட்டதுதான். ஐம்பது அடிக்கு அப்பால் கத்துகிறது போலும், அதனால்தான் சேர்த்துக்கொள்ளவில்லை, பக்கத்தில் இல்லையே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தாள். தூரத்தை அளப்பதில் அவரை மிஞ்ச ஆள் ஏது?

மூன்று சுழிகள் அலுவலகம் அலுவலகமாகப் போயின. ஆணை ரத்தானது. காட்டின் நடுவே சாலை வரப்போகிறது, திங்கட்கிழமை மரம் வெட்ட ஆள் வருகிறது என்று செய்தி வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அவர் முன்னால் நின்றிருந்தாள். சாவி கொடுக்கும் சின்ன வாட்ச் ஒன்றை, முள்ளைப் பார்க்காமல், வழக்கம்போல் காதோரம் வைத்திருந்தார்.

"இது சுத்தமா நின்னு போச்சும்மா. பிரிச்சுத்தான் பார்க்கணும்."

"அண்ணா, நேரம் கொஞ்சம் முன்னப் பின்ன போகுதுன்னுதானே கொடுத்தேன்? நிக்கலையே." நர்ஸ் வாட்சை வாங்கித் தன் காதில் வைத்தாள். "நல்லா ஓடுதே! எங்கம்மா வாட்ச் சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். உங்களுக்குக் காதுல என்ன பஞ்சா?"

அவர் சிரித்தார். "மத்தியானம் ஆனா பசியில காது அடைச்சுக்குதும்மா" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. தூக்குப் பாத்திரத்தை மேஜைமேல் வைத்தவள், கையை அதிலிருந்து எடுக்கவே மறந்து நின்றாள். மூன்று சுழிகளும் கண்முன் வந்தன. போன மாதம் சமையலறையில் கடிகார அலாரம் கிய்கிய்யென்று அடித்துக்கொண்டே இருக்க, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தது ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். சொன்னால் மனிதர் உடைந்துபோவார். இருபத்தாறு வருடமாக அவர் தலைநிமிர்ந்து நடந்தது அந்தக் கணக்கு ஒன்றை வைத்துத்தான். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை கோடாரி விழும். 'கடவுளே, நான் வாயை மூடியிருந்தது போதும், எப்படிச் சொல்றதுன்னு மட்டும் காட்டு' என்று கண்ணை மூடி நின்றாள். கடவுள் வழி ஒன்றும் காட்டினதாகத் தெரியவில்லை. தைரியம் கொஞ்சம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு, சாயங்காலம் கடையை அடைக்கும் நேரத்துக்குப் போனாள்.

"ஏங்க, ஒண்ணு கேட்டா கோபப்பட மாட்டீங்களே?"

"நீ இப்படி ஆரம்பிச்சாலே ஏதோ பெருசா இருக்கும். சொல்லு."

"அந்தப் பூங்கொத்தி... இந்த வருஷமும் கத்துச்சுங்க."

ஷட்டரில் வைத்த கை அப்படியே நின்றது.

"எப்போ?"

"நாம நின்ன பத்து நிமிஷமும். போன வருஷமும் கத்துச்சு. நீங்க தூரம்னு விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்."

"ஏன் சொல்லலை?"

ஏன் சொல்லவில்லை என்பது அவருக்கே தெரியும். கேட்டு முடிப்பதற்குள் அவர் முகம் சுருங்கிவிட்டது. கடைக்குள் திரும்பிப்போய், நர்ஸின் வாட்சை எடுத்து வலது காதில் வைத்தார். இடது காதில் வைத்தார். பிறகு உள்ளங்கையில் வைத்து, நொடி முள் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுது" என்றார். "ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கு."

மறுநாள் விடியற்காலை இருவரும் ஈரக்காட்டில் நின்றார்கள். வழக்கமாக நிற்கும் அதே இடம். அவள் காதைத் தீட்டிக் கேட்டாள், கைநீட்டினாள். அவர் அந்தத் திசையில் பைனாகுலரைத் திருப்பினார். இலைதான் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் மேல... இல்லீங்க, இடது பக்கம்... அந்தக் காய்ஞ்ச கொம்புக்குக் கீழே." கால் மணி நேரம் கழித்துத்தான் அகப்பட்டது. பஞ்சால் செய்த சுருக்குப்பை போல ஒரு கூடு கொம்பு நுனியில் தொங்கியது. தாய்ப்பறவை வந்து கூட்டின் வாயில் ஒட்டிக்கொண்டது. உள்ளிருந்து இரண்டு சின்ன அலகுகள் ஆவென்று திறந்தன.

"எவ்வளவு தூரம் இருக்கும்?" என்றாள் அவள்.

"முப்பது அடி." பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார். "வாயைத் திறக்குது பாரு, பிள்ளை. எனக்குத் துளிகூடக் கேக்கல." கன்னத்தில் வழிந்த கண்ணீர் பைனாகுலர் வாரில் இறங்கியது.

அங்கிருந்து நேரே குழுச் செயலாளரிடம் போனார்கள். செயலாளர் பல் டாக்டர். வாய் திறந்து கிடந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தவர், விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, இதை எழுத்துல கொடுத்தீங்கன்னா, மூணு வருஷம் மட்டும் இல்ல, உங்க இருபத்தாறு வருஷக் கணக்கையும் சந்தேகப்படுவாங்க. யோசிச்சுக்குங்க."

"படட்டும் டாக்டர். எம்பேர் நின்னு என்ன ஆகப்போகுது? பேனா கொடுங்க."

மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த குறிப்புத் தாளில் எழுதினார். 'எனக்கு மெல்லிய, கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன் குறைந்துவிட்டது. அதை அறியாமல் பறவை இல்லை என்று மூன்று ஆண்டுகள் தவறாகச் சான்றளித்தேன். பறவை இருக்கிறது. தவறு முழுவதும் என்னுடையது.' அவள் குறுக்கிட்டு, "என்னுதும்தான், எழுதுங்க" என்றாள். அவர் எழுதவில்லை.

டாக்டர் அன்றைக்கு வைத்தியத்தையே நிறுத்திவிட்டு ஒவ்வொரு அலுவலகமாக அலைந்தார், தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். ஞாயிறு சாயங்காலம் ஒரு அதிகாரி போனில் பதில் சொன்னார். கடிதம் கிடைத்தது, வேலை முடிவாகிவிட்டதால் நிறுத்த வழியில்லை, இனிவரும் கணக்கெடுப்பில் கவனத்தில் கொள்ளப்படும்.

"இனிவரும் கணக்கெடுப்புல காடு எங்கே இருக்கும்?" என்று அவர் கேட்டார்.

திங்கட்கிழமை லாரியில் வந்து இறங்கிய மேஸ்திரிக்கு வாட்டசாட்டமான உடம்பு, கரகரத்த குரல். மரத்தடியில் ஒரு பெரியவரும் அம்மாவும் நிற்பதைப் பார்த்ததும், "வழியை மறிக்க வந்தீங்களா? போட்டோ எடுக்கறவங்க எங்கே?" என்றான்.

"மறிக்க வரல தம்பி. கேட்க வந்தோம்." அவர் கூட்டைக் காட்டினார். "உள்ளே ரெண்டு குஞ்சு இருக்கு. இறக்கை முளைச்சுப் பறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்."

"பெரியவரே, மரத்துக்கு லீவு லெட்டர் கொடுக்கற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்." ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி பைனாகுலரை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "ஒண்ணும் தெரியலையே" என்றான். அவள் அதைச் சரியான பக்கம் திருப்பிக் கையில் கொடுத்தாள். அவன் வெகுநேரம் பார்த்தான். சிரிப்பு அடங்கிவிட்டது.

"இது இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"இல்லைன்னு சொன்னதே நான்தான் தம்பி" என்றார் அவர்.

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ஆட்களிடம் திரும்பி, "டேய், மேற்குக் கோடியில இருந்து ஆரம்பிங்கடா. இந்தப் பக்கத்தைக் கடைசியில பார்த்துக்கலாம்" என்றான். "பன்னிரண்டு நாள், பெரியவரே. அதுக்கு மேல என் கையில இல்ல."

தினமும் இருவரும் வந்தார்கள். கடை பூட்டியே கிடந்தது. மேற்கிலிருந்து மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து வெளிச்சம் கிட்டே வந்துகொண்டிருந்தது. ரம்பம் உறுமுவது மட்டும் அவருக்கு நன்றாகவே கேட்டது. ஒவ்வொரு மரத்துக்கும் அவர் உதடுகள் அசைந்தன. பிரார்த்தனையா மன்னிப்பா என்று அவள் கேட்கவில்லை. அவரைத் தூக்கியெறிய அந்தப் பரம்பொருளுக்கு மனசு வராது என்று மட்டும் அவள் உறுதியாக நம்பினாள். மதியத்தில் மேஸ்திரி தன் பிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளர் டீ ஊற்றி வைத்துவிட்டுப் போவான்.

பதினோராம் நாள் காலை ஒரு குஞ்சு கொம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. சற்று நேரத்தில் இன்னொன்று. தாய் எதிர்க் கிளையில் இருந்து கூப்பிட்டது. முதலாவது தத்தித் தாவிப் பறந்தது, இரண்டாவது விழப்போய்ச் சமாளித்துக்கொண்டு பின்னால் போனது. மூன்றும் மலைப் பக்கம் மறைந்தன. அங்கே அவற்றுக்குப் பழம் உண்டா, நிழல் உண்டா என்று யாருக்கும் தெரியாது.

மேஸ்திரி வந்து நின்றான். "போயிடுச்சுங்களா?"

"போயிடுச்சுப்பா." அவர் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும்."

அவன் சங்கடமாகத் தலையைக் குனிந்துகொண்டு, ரம்பத்தை எடுக்கப் போனான். அவர் காலியான கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகும்போது கத்துச்சா?"

"கத்துச்சுங்க. அம்மா ஒரு மாதிரி, பிள்ளைங்க ஒரு மாதிரி."

"எப்படி?"

அவள் அவர் காதருகே குனிந்து, தன் தடித்த குரலில், தனக்குத் தெரிந்தவரை அந்தப் பறவை போலக் கூப்பிட்டாள். லாரிக்குப் பக்கத்தில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். "இன்னொரு தடவை" என்றார்.

பின்னால் ரம்பம் உறுமத் தொடங்கியது. அவள் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.