காதில் விழுந்த பிழை

அறிவுச்செல்வி திண்டுக்கல்லில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகத்துக்குப் பொறுப்பாளராக இருந்தாள். மதிய உணவு இடைவேளையில் ஆய்வகம் காலியாக இருக்கும். அந்த முக்கால் மணி நேரம்தான் அவளுடைய ‘எழுத்துமாற்றி’க்கு.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழை யூனிகோடுக்கு மாற்றும் சிறிய மென்பொருள் அது. 2003இல் தன் தேவைக்காக எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்தட்டும் என்று நிரலோடு இணையத்தில் போட்டாள். ஐந்து வருடத்தில் இருபது பேர் திருத்தம் அனுப்பியிருந்தார்கள். ஒருவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. வருகிற திருத்தங்களைச் சோதித்துச் சேர்ப்பதும், பிழை என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்வதும் அவள் வேலை.

2008 ஜூலையில் ராயப்பராஜ் என்றொருவர் பிழை ஒன்றைப் பதிவு செய்தார். ஊர், கொடைரோடு.

“வெளக்கு என்ற சொல் தவறாக மாறுகிறது. வெளஞ்ச, கெளம்பு ஆகியவையும் அப்படியே.”

அவள் மூன்று சொற்களையும் போட்டு மாற்றிப் பார்த்தாள். திரையில் சரியாகத்தான் இருந்தன. ‘பிழை இல்லை’ என்று எழுதி மூடினாள். மறுநாள் அவர் அதைத் திரும்பத் திறந்திருந்தார். “மன்னிக்கவும். பிழை இருக்கிறது.”

“உங்கள் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள்” என்று எழுதினாள்.

“படம் எடுத்து அனுப்பினாலும் தெரியாது. உங்களுக்கு நேரமிருந்தால் பேசலாம்” என்று கைபேசி எண் வந்தது.

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. படத்தில் தெரியாத பிழை என்ன பிழை? மறுபடி மூடினாள். மறுபடி திறந்தார். மூன்றாவது முறையும் அப்படியே நடந்தது. கோபமாக ஒரு வார்த்தை இல்லை, அதே இரண்டு வரி. நான்காவது முறை, இதை இன்றோடு முடித்துவிடலாம் என்றுதான் எண்ணை அழுத்தினாள்.

“மேடம், ரொம்ப நன்றி. செத்த இருங்க, போனைக் கம்ப்யூட்டர்கிட்ட வைக்கிறேன்” என்றார் ராயப்பராஜ்.

இயந்திரக் குரல் ஒன்று மூக்கடைத்தாற்போலப் படித்தது. “வவ்க்கு. வவ்ஞ்ச. கவ்ம்பு.”

அறிவுச்செல்வி போனைக் காதோடு இறுக்கிக்கொண்டாள். பழைய எழுத்துருக்களில் ‘கௌ’வின் கடைசிக் குறிக்குத் தனி எழுத்து கிடையாது. ‘ள’வைத்தான் போடுவார்கள். அதைச் சரிசெய்ய சென்னையிலிருந்து செழியன் என்பவர் ஐந்து மாதம் முன்பு ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார். ‘கெளரி’யைக் ‘கௌரி’ ஆக்கிய அது, ‘வெளக்கு’ என்பதன் ‘வெள’வையும் சேர்த்து ஒரே எழுத்தாக ஒட்டியிருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். கணினிக்கு வேறு வேறு. புத்தகத் தமிழை மட்டும் கொடுத்துச் சோதித்தவளுக்குப் பேச்சுத் தமிழில் இது நடக்கும் என்று தோன்றவே இல்லை.

“சார்… நீங்க இதைக் கேட்டுத்தான் படிப்பீங்களா?”

“ஆமா மேடம், எனக்குக் கண்ணு தெரியாது.”

“முதல்லயே எழுதியிருக்கலாமே சார். நான் மூணு தடவ மூடியிருக்கேன்.”

“எழுதினா எரக்கப்பட்டுச் சரி பண்ணுவீங்க. பிழைன்னு தெரிஞ்சு சரி பண்ணணும்ல, அதுக்குத்தான்.”

அவர் அங்கே ஒரு பள்ளியில் தமிழாசிரியர். சுற்றுவட்டாரத் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்கிற பெண்களின் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவர் மனைவி லூர்தம்மாள் நாடாக்களைக் கேட்டுக் கேட்டு நானூறு பக்கம் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். அதைத் தானே வாசிக்கத்தான் எழுத்துமாற்றியைத் தேடிப் பிடித்திருக்கிறார். பக்கத்துக்குப் பத்து ‘வவ்’.

அன்று மாலையே அறிவுச்செல்வி எழுத்துமாற்றியின் முகப்புப் பக்கத்தில் அறிவிப்பு எழுதினாள். ஐந்து மாதமாக வந்த பதிப்பில் பிழை இருக்கிறது, பேச்சுத் தமிழில் சோதிக்காமல் சேர்த்தது என் தவறு, கண்டுபிடித்தவர் ராயப்பராஜ், மூன்று முறை சொல்லியும் நான் கேட்கவில்லை. கடைசி வரியை அழித்தாள். பிறகு மறுபடி எழுதினாள்.

செழியனுக்குத் தனியாக அஞ்சல் அனுப்பும்போது தயங்கினாள். நல்ல ஆள், மனம் ஒடிந்து விலகிவிட்டால்? அரைமணியில் பதில் வந்தது. “எங்கப்பா வெளக்குன்னுதான் சொல்வாரு. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? ராயப்பராஜ் சாருக்கு என் நன்றியைச் சொல்லுங்க. சேர்ந்து சரி பண்ணுவோம்.”

நிரலில் ஒரு விதி எழுதித் தீர்க்க முடியாது என்று இருவருக்கும் புரிந்தது. மௌனம், பௌர்ணமி, வௌவால் மாதிரி உண்மையில் ஔகாரம் வரும் சொற்களின் பட்டியல் வேண்டும். பட்டியலில் இருப்பதை மட்டும் ஒட்டலாம். ஏற்கெனவே கெட்டுப்போன கோப்புகளில், பட்டியலில் இல்லாததையெல்லாம் பிரித்தும் விடலாம்.

“பட்டியல நான் தாரேன்” என்றார் போனில் இதைக் கேட்ட ராயப்பராஜ். “ஆனா சும்மா அனுப்ப மாட்டேன். உங்க ஆளுக அனுப்புற மாதிரி பேட்ச்சா அனுப்புறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க.”

எந்தக் கோப்பில் எந்த வரி மாறுகிறது என்று காட்டும் அந்தத் திருத்தக் கோப்பை உருவாக்கும் விதத்தை அவள் போனிலேயே சொன்னாள். முதலில் வந்ததில் வரிகள் இடம் மாறிக் கிடந்தன. அவளே இரண்டு நிமிடத்தில் சரி செய்திருக்கலாம். கை அதற்குப் போகவும் செய்தது. ஆனால் செழியனுக்கு எப்படி எழுதுவாளோ அப்படியே குறை எழுதித் திருப்பி அனுப்பினாள். இரண்டாவதில் ‘சௌகரியம்’ இரண்டு தடவை இருந்தது. அதையும் திருப்பினாள். மூன்றாவது சுத்தமாக வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள். பங்களிப்பாளர் பட்டியலில் இருபத்தோராவது பெயராக அவர் பெயரைச் சேர்த்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

புதிய பதிப்பு வந்த வாரம் பழனியிலிருந்து ஒரு பதிப்பாளர் எழுதினார். பிழையான பதிப்பில் மாற்றிவிட்டு மூலக் கோப்புகளை அழித்துவிட்டிருந்தவர், இரண்டு புத்தகங்கள் பிழைத்ததாகச் சொன்னார். அவள் அந்தக் கடிதத்தை ராயப்பராஜுக்கும் செழியனுக்கும் அனுப்பிவைத்தாள். இதற்கு முன் நன்றிக் கடிதங்களை அவள் தன்னிடமே வைத்துக்கொள்வாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் கொடைரோடு போனாள். லூர்தம்மாள் ஸ்டேஷனுக்கே வந்து கூட்டிப்போனார். வீட்டில் தோட்டத் தொழிலாளி ஒச்சாயி உட்கார்ந்திருந்தார். ஒலிநாடாவில் பேசிய பெண்களில் ஒருவர்.

“வாங்க மேடம்” என்று எழுந்த ராயப்பராஜ், கணினியை ஓடவிட்டார். மூக்கடைத்த குரல் ஒச்சாயியின் பேச்சைப் படித்தது. “வெளஞ்ச திராட்சக் கொலைய மொதல்ல அறுக்கணும். பொழுது விடியங்குள்ள கெளம்பிப் போயிருவோம்.”

ஒச்சாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஏம்ப்பா, நான் சொன்னத அப்படியே சொல்றானே! யாருப்பா இவன், சளி புடிச்சவனா?” பிறகு அறிவுச்செல்வியைப் பார்த்தார். “நீ செஞ்சதாத்தா இது?”

“நான் கெடுத்தேங்க்கா. சார்தான் கண்டுபிடிச்சாரு. மெட்ராஸ்ல ஒருத்தர் கூட நின்னாரு.”

“அம்புட்டுப் பேரா, எம் பேச்சுக்கு?” ஒச்சாயி மடியில் இருந்த திராட்சைப் பொட்டலத்தை அவிழ்த்து அவள் கையில் வைத்தார். “சாப்புடுத்தா. நேத்து பறிச்சது.”

ராயப்பராஜ் திரும்பிக் கேட்டார். “மேடம், ‘எளநி’ன்னு ஒரு வார்த்தை வருது. அதுல சின்னதா ஒரு சந்தேகம் இருக்கு.”

“சொல்லுங்க சார்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் அறிவுச்செல்வி.