ஜீதி மரத்தில் இரண்டு சரம் அதிகம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. எங்கள் ஊரான கைரவானின் வீட்டுத்தோட்டக்காரர் சங்கத்தின் மாதத் தாளுக்கு ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள், அவ்வளவுதான். கேட்டவர் சலூஹா அம்மா. தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். இப்போது எங்களையெல்லாம் குத்துகிறார்.

“வாத்தியாரே, நம்ம வெயிலுக்கு எந்த அத்தி வைக்கலாம்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. ருசி முக்கியம். என் தங்கச்சி ஒண்ணு வச்சா, பழம் பஞ்சு மாதிரி இருக்கு.”

“எழுதிடலாம்.”

“உங்க வீட்டு மரம் ஆறு வருஷமா இலைதான் காய்க்குது. அது ஏன்னும் எழுதுங்க. ஊரே கேக்குது.”

நான் உயிரியல் வாத்தியார். மகரந்தச் சேர்க்கை பாடத்தை இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் வரைந்தவன். ஏன் என்று எனக்குத் தெரியாமலா? தெரிந்ததுதான் தொல்லை.

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

“வெயில் ஊரில் அத்தி வைப்பவர்கள் மூன்று வகைகளை யோசிக்கலாம். பிதர்: ஜூனிலேயே பழுத்துவிடும், யாருடைய உதவியும் வேண்டாம், பார்க்கப் பெரிது, தின்றால் சப்பென்று இருக்கும். புஹூலி: தேன்தான், ஆனால் தோல் மெல்லிசு, நம் ஆகஸ்ட் வெயிலில் வாடிவிடும். ஜீதி: கறுத்த தோல், சிவந்த சதை, தின்றபின் கொஞ்ச நேரம் யாரோடும் பேசத் தோன்றாது. ருசிக்கு ஜீதிதான். ஆனால் ஜீதிக்குத் தொக்கார் வேண்டும். தொக்கார் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்”

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

(தொக்கார் என்பது ஆண் அத்திமரத்தின் காய். தின்ன உதவாது. அதற்குள் கடுகைவிடச் சிறிய பூச்சிகள் இருக்கும். அவை வெளியே வந்து, ஜீதியின் பிஞ்சுக்குள் மகரந்தத்தோடு நுழைந்தால்தான் பிஞ்சு பழமாகும். இல்லாவிட்டால் ஜூலையில் அத்தனையும் உதிர்ந்துவிடும். அதனால் ஜூனில் தொக்காரைச் சரமாகக் கோத்து மரத்தில் தொங்கவிடுவோம்.)

3

சரி, கதையாகவே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். கதை என்றால் பெயரை மாற்றலாம், பழியையும் இடம் மாற்றலாம்.

“மைத்துனர் பருத்த ஆள், வாயாடி. தொக்காரைச் சாக்கு வைத்து வருடா வருடம் தங்கை வீட்டில் குஸ்குஸை ஒரு கை பார்க்க வருவார். அந்த வருடம் அவர் கொண்டுவந்த காய்களில் பாதி”

அடித்துவிட்டேன். திஜானி ஒல்லி. என் மனைவி நஸீஹாவின் அண்ணன், மலையூர்க்காரர், குஸ்குஸில் காரட்டை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் போதும் என்பவர். விடியுமுன் தொக்கார் பறித்து, ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் வைத்து, முதல் பங்கு டாக்சியில் ஏறுவார். நாலு மணி நேரமும் கூடை அவர் மடியில்தான் இருக்கும்.

“மாப்பிள்ளை, நிழல்ல வைங்க. உள்ளே இருக்கறவன் என்னை மாதிரி, சூடு தாங்க மாட்டான்.”

“பறந்து போய் வேலை பாக்கறது பொம்பளைப் பூச்சி, மச்சான்.”

“அப்ப தாங்கும். என் தங்கச்சியே உங்களைத் தாங்கறாளே.”

நஸீஹா அடுப்படியிலிருந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் கேட்டு ஆறு வருடம் ஆகிறது.

மூன்று சரம் கட்டுவார். கோரைப்புல்லில் கோத்தது, சரத்துக்கு ஐந்து காய். “நாலாவது வேண்டாம். பூச்சி அளவுக்கு மீறி ஏறினா பழம் வெடிச்சிடும்” என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். ஒவ்வொரு வருடமும் நான் தலையாட்டுவேன்.

4

இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன். முதல் மூன்றிலும் நான் நல்லவன்.

எங்கள் மகள் இப்திஹாலுக்கு அந்த ஆகஸ்டில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு ஸ்பாக்ஸ், கடலோரக்காரர்கள், மீனைப் பற்றியே பேசுகிறவர்கள். நான் தொலைபேசியில் அவர்களிடம் அத்தியைப் பற்றி அளந்துவிட்டேன். எங்கள் முற்றத்து ஜீதியைத் தட்டுத் தட்டாக வைப்பேன், கைரவானில் இப்படி ஒரு பழம் கிடையாது என்றேன். மரத்தைப் பார்த்தால் காய் போதாது போலிருந்தது. திஜானி சரம் கட்டிவிட்டு ஊர் திரும்பிய மறுநாள், சந்தைக்குப் போய் இரண்டு சரம் வாங்கி வந்து நானே கட்டினேன். சந்தைத் தொக்காரை நீல நைலான் நூலில் கோத்திருந்தார்கள்.

(அதிகம் நுழைந்தால் விதை அதிகம், விதை பெருத்தால் பழம் பிளக்கும். இதைத் தேர்வில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன்.)

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு பழங்கள் பிளக்கத் தொடங்கின. நிச்சயத்தன்று காலை தட்டில் வைக்கும்போதே புளித்த வாடை. ஈ விரட்டி மாளவில்லை. சம்பந்தியம்மா ஒன்றை எடுத்து, முகர்ந்து, சத்தமில்லாமல் தட்டில் திருப்பி வைத்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“எங்க மச்சான் இந்த வருஷம் அழுகின தொக்காரைக் கொண்டாந்து மரத்தையே கெடுத்துட்டார்” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னால் பழி இல்லையென்று ஆகிவிடுமா?

நிச்சயத்துக்கு வந்திருந்த திஜானி மரத்தை அண்ணாந்து பார்த்தார். எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன்.

“ஆமாங்க, இந்தத் தடவை என் காய் சரியில்ல. வயசாச்சு, கண்ணு தெரியல” என்று சம்பந்தியிடம் சொன்னார். கை கழுவினார். இப்திஹாலின் நெற்றியில் முத்தமிட்டார். நாலு மணி டாக்சிக்குப் போய்விட்டார். அன்று மாலை நீலச் சரங்களை நானே அறுத்துப்போட்டேன்.

அதன்பிறகு அவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அடுத்த ஜூனில் சந்தைத் தொக்கார் வாங்கட்டுமா என்று கேட்டேன். “சந்தைச் சரம் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம்” என்றாள் நஸீஹா. மலைக்காரிக்கு வீம்பு என்று நினைத்துக்கொண்டேன். பெருநாளுக்குப் பெருநாள் அண்ணனோடு இரண்டு நிமிடம் தொலைபேசியில் பேசுவாள். புருஷன் குறை சொன்ன மனிதர் வீட்டுக்கு நான் எப்படிப் போவேன் என்று தன் தங்கையிடம் சொன்னாளாம். போன குளிர்காலத்தில் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. “ஒரு எட்டு பாத்துட்டு வரலாமாங்க?” என்று கேட்டாள். மலைப்பாதையில் மழை என்றேன். அன்று எங்கேயும் மழை பெய்யவில்லை. இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது. வாத்தியாருக்கு அழகில்லை என்றாலும் வருகிறது.

5

நாலாம் பகுதியை எழுதி முடித்த பெருமையில், யாருக்கும் தெரியாத உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். நேற்று மதியம் அந்த வரியை எடுக்கவேண்டி வந்தது.

அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். நஸீஹா சுவரிலிருந்து காய்ந்த மிளகாய்ச் சரத்தை இறக்கி, ஹரீஸா விழுது அரைக்க மிளகாய் உருவிக்கொண்டிருந்தாள். மிளகாய் குறையக் குறைய நூல் தெரிந்தது. நீலம்.

“இந்த நூல் எங்கேருந்து?”

“மரத்தடியில கெடந்துச்சு.”

“எப்போ?”

“இப்திஹால் நிச்சயத்துக்கு மறுநாள், பெருக்கும்போது. நல்ல நூலு, அறுந்துபோகவே மாட்டேங்குது. வருஷா வருஷம் இதுலதான் கோக்கறேன்.”

நான் அந்த நூலை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

“அண்ணன் புல்லுலதான் கோப்பார்” என்றாள், மிளகாயைப் பார்த்தபடியே.

“தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?”

“நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ரொட்டி வாங்கி வாருங்கள் என்கிற குரலில் சொன்னாள். ஆறு வருடம் அந்தச் சரம் என் தலைக்கு மேலேதான் தொங்கியிருக்கிறது. கீழே உட்கார்ந்து நான் சோறு தின்றிருக்கிறேன்.

6

முடிவுகள் கைவசம் மூன்று இருந்தன.

ஒன்றில் திஜானி தாமாகவே கூடையோடு வந்து வாசலில் நிற்கிறார். எனக்கு வசதியான முடிவு, அதனால் கிழித்தேன். இன்னொன்றில் ஜீதியை வெட்டிவிட்டுப் பிதர் வைக்கிறேன், யார் தயவும் வேண்டாம் என்று. சலூஹாவின் கட்டுரைக்குப் பொருந்தும். அந்தச் சப்பென்ற பழத்தை நஸீஹா முன்னால் வைக்க எனக்குத் தைரியமில்லை. மூன்றாவதில் நான் தொலைபேசியை எடுக்கிறேன், எடுத்து

இன்று ஜூன் பதினான்கு. மரம் நிறையப் பிஞ்சு, கட்டைவிரல் நகம் அளவு. இன்னும் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள், அதற்குள் பூச்சி நுழையாவிட்டால் இந்த வருடமும் உதிரும். திஜானி பிழைத்து எழுந்துவிட்டார், மெதுவாக நடக்கிறாராம். எண் என்னிடம் இருக்கிறது. தொக்கார் கொண்டு வாருங்கள் என்று கேட்பது பெரிதல்ல. அதற்கு முன்னால் சொல்லவேண்டிய ஒரு வாக்கியம் இருக்கிறது. இத்தனை பக்கம் எழுதியவனுக்கு அது வாயில் வரவில்லை. அதைச் சொல்லாமல் இருக்கத்தான் இத்தனை பக்கமோ என்னவோ.

சலூஹா அம்மா, கேட்ட கட்டுரை இதோ: ருசிக்கு ஜீதி வையுங்கள். தொக்கார் கொண்டுவர ஆள் இருந்தால் மட்டும் வையுங்கள். அந்த ஆளைப் பத்துப் பேர் முன்னால் குறை சொல்லாதீர்கள்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. சங்கத்து நண்பர்களே, இது அச்சாகும் தாள் ஆகஸ்டில்தான் உங்கள் கைக்கு வரும். எங்கள் தெரு உங்களுக்குத் தெரியும், கிளைகள் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். போகிற வழியில் அண்ணாந்து பாருங்கள். கறுத்த பழம் தொங்கினால் நான் பேசிவிட்டேன், கதவைத் தட்டுங்கள், நஸீஹா ஒரு தட்டு தருவாள். வெறும் இலையாக இருந்தால் கதையை மட்டும் எழுதி முடித்திருக்கிறேன். அப்படியானால் தட்ட வேண்டாம்.