இரண்டு பக்கமும் தலை

"கோடு தெரியுதா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். லென்ஸ் என் கண்ணில் இருந்தது, காசு என் விரலில் இருந்தது, அவர் மட்டும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. இருந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

என் கணவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் காசு சேர்க்கிறவர்கள் கூப்பிடுவார்கள். அச்சடிக்கும்போது தவறிப்போய் வெளியே வந்த காசுகளுக்காகப் பைத்தியமாக அலைகிற கூட்டம் அது. ஒழுங்கான காசை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள், கோணலுக்குத்தான் விலை. இவர் என்னைக் கட்டிக்கொண்ட காரணமே எனக்கு அப்புறம்தான் விளங்கியது. விலை இருந்தால் போலி வராமல் இருக்குமா? வீட்டிலேயே அரத்தால் ராவி, நசுக்கி, தவறைத் தயாரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இது அசல், இது போலி என்று இவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை.

நான்கு மாதமாக அந்தக் கண்தான் போய்க்கொண்டிருக்கிறது. இடது கண்ணில் நரம்பு செத்தேவிட்டது. வலது கண்ணில் நிழலாட்டம் மட்டும். இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் இருப்பதையாவது காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் என்னைக் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே ஒருவரிடமும் நாங்கள் மூச்சுவிடவில்லை. யாராவது காசு கொண்டுவந்தால் இவர் லென்ஸை வைத்து 'ம்ம்' கொட்டுவார், தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே வந்து என்னிடம் நீட்டுவார். நான் துணி தைக்கிறவள். ஒட்டு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிப்பது எனக்குப் புதிதில்லை.

ஆபரேஷனுக்குப் பாதிப் பணம்தான் தேறியிருந்தது. அதை முழுசாக்கிக் காட்டுகிறேன் என்று நேற்று தனியாகப் பழங்காசுச் சந்தைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார் மகராசன். இன்று காலைதான் என்னிடம் காட்டினார். இரண்டு பக்கமும் தலை விழுந்த காசு. இதில் போலி செய்வது எப்படி என்று எனக்குச் சொல்லித் தந்ததே இவர்தான். ஒரு காசைக் கிண்ணம் மாதிரி உள்ளே குடைந்து, இன்னொன்றைச் சுற்றிலும் ராவி அதற்குள் பொருத்திவிடுவார்கள். விளிம்பை ஒட்டி உள்பக்கம் மயிரிழையாக ஒரு வட்டக் கோடு இருக்கும். கீழே போட்டால் அசல் கணீரென்று கேட்கும், ஒட்டுப்போட்டது கேட்காது. ஆனால் இத்தனை விலையுள்ள காசை எவனும் போட்டுப் பார்க்க மாட்டான், விளிம்பு நசுங்கினால் விலை போச்சு. போடட்டுமா என்று கேட்டாலே, உங்க கண்ணுக்கே சந்தேகமா என்று சிரிப்பார்களாம். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, தெரியாத கண்ணில் லென்ஸை வைத்துத் தலையாட்டிவிட்டு, இருந்த பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

கோடு இருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பியதும் முழு வட்டமும் தெரிந்தது. பாவி, நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறான். இவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும், கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

"தெரியலீங்க," என்றேன்.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

கையை நீட்டினார், கொடுத்தேன். கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினார். பிறகு மேஜைக்கு ஒரு சாண் மேலேயிருந்து அதை விட்டார். டொக். அவ்வளவுதான். உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டார்.

"உனக்குப் பொய் சொல்ல வரலடி," என்றார்.

"உங்களுக்கு மட்டும் வருதாக்கும்."

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன கண்டக்டர் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து, சில்லறைக்குள் கோணல் காசு தேடியே இந்தப் பைத்தியம் பிடித்தவர். போன மாதம் ஓய்வு பெற்றார். இப்படியொரு காசு இருக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா என்று நேற்றே போன் செய்து கேட்டது எங்கள் வீட்டு மகராசன்தான்.

"தூக்கமே வரலண்ணே. பணம் எடுத்தத வீட்டுல சொல்லல, சொன்னா கொன்னுடுவா. எங்க, காட்டுங்க."

விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

"நான் பாத்து என்ன ஆகப்போகுது. நீங்க பாத்தாச்சுல்ல. அசல்னு சீட்டு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

சீட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தேன். ஒவ்வொரு சீட்டிலும் அசல், போலி என்று இரண்டு கட்டம் அச்சிட்டிருக்கும். இவர் பேனாவைத் திறந்தார். முனை கட்டத்தைத் தேடிக் காகிதத்தின் மேலே இப்படியும் அப்படியும் அலைந்தது. கண்டக்டர் காசைவிட்டுக் கண்ணை எடுக்காததால் அதைக் கவனிக்கவில்லை.

"இன்னைக்குக் கை வரல," என்று என் பக்கம் திரும்பினார். "எந்தக் கட்டத்துல போடணுமோ, நீயே புடிச்சு வை."

"பரவால்லயே, அண்ணியும் தொழில் கத்துக்கிட்டாங்க," என்று சிரித்தபடி கண்டக்டர் சட்டைப்பையிலிருந்து தடித்த கவர் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

நான் இவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது. எந்தப் பக்கம் இழுத்தாலும் கூடவே வந்துவிடும்போல, துளிக்கூடப் பாரமில்லாமல் இருந்தது.